வெள்ளிக்கிழமை எகிறிய மீட்டர்

கரன்ட் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் ஷாக் ஒயரிலிருந்து வருவதில்லை, கூட்டல் கணக்கிலிருந்துதான் வருகிறது. ஐ.டி.ஐ. முடித்து, பாக்கெட்டில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் இனிமேல் படுவார்கள். நான் பட்டது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், பயிற்சி எலக்ட்ரீஷியனாக.

டிமாண்டும் டிமாண்டும்

சேர்ந்த புதிதில் மேனேஜர் என்னைப் பார்த்து, "இந்த மாசம் டிமாண்ட் எப்படிம்மா இருக்கு?" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சூப்பரா இருக்கு சார், கன்டெய்னர் கன்டெய்னரா போகுது" என்றேன். பக்கத்திலிருந்த சீனியர் எலக்ட்ரீஷியன் பாஷா பாய் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

மேனேஜர் கேட்டது மேக்சிமம் டிமாண்டை. மாதம் முழுவதிலும் எந்த அரைமணி நேரத்தில் கம்பெனி ரொம்ப அதிகமாகக் கரன்ட் இழுத்ததோ, அந்த அரைமணியை மீட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்தாலும் கணக்கில் வராது. மின்வாரியத்தில் நாம் அனுமதி வாங்கியிருக்கும் அளவை அது தாண்டக் கூடாது. தாண்டாமல் இடம் மிச்சமிருந்தால் பழைய கோடவுனில் புது ஸ்டிச்சிங் லைன், அதாவது இன்னொரு தையல் மெஷின் வரிசை, போடலாம், இல்லையென்றால் அளவைக் கூட்டி வாங்கும்வரை லைன் கிடப்பில்தான். எனக்குப் புரிகிற மாதிரி மேனேஜரே சொன்னார்: "ஷூவோட டிமாண்டை நான் பாத்துக்கறேன், நீ மீட்டரோட டிமாண்டைப் பாரும்மா."

விட்டேனா பார்

அந்தப் புது லைன்மேல் எனக்கும் ஒரு கண். என் எஸ்தர் அக்கா நல்ல டெய்லர். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவாள். தன் பிள்ளையைத் தூங்கும்போது மட்டும் பார்க்கிற தாய். இங்கே லைன் வந்தால் அவளுக்கு ஒரு மெஷின் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

இடம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை பாய் என்னிடம் கொடுத்தார். விட்டேனா பார் என்று கம்பெனியைச் சல்லடை போட்டேன். ஓடுகிற மோட்டார், ஓடாத மோட்டார், கேன்டீன் கிரைண்டர், தீப்பிடித்தால் மட்டும் ஓடுகிற பம்ப், எல்லாவற்றிலும் கரன்ட் அளவு எழுதியிருக்கும் பிளேட்டைப் படித்துக் கூட்டினேன். வந்த மொத்தத்தைப் பார்த்தால் புது லைனுக்கு என்ன, ஒரு டேபிள் ஃபேனுக்குக்கூட இடமில்லை. வீட்டில், "லைன் வராது போலக்கா" என்றேன். அவள் மறுநாளைக்கு வேண்டிய ராணிப்பேட்டை யூனிபார்மை மடித்து வைத்தாள். காலையில் கணக்கைப் பார்த்த பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்: "இன்னாம்மா ரூபி, மிக்ஸி, கிரைண்டர், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுனா அது வீடா, கல்யாண மண்டபமா?"

மூன்று ஏசி வீடு

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரியவைத்தது வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை பாயுடன் ஒயரிங் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மூன்று ஏசி மாட்டியிருந்தார். மூன்றையும் கூட்டி மின்வாரியத்தில் பெரிய லோடு வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை: "மூணு ஏசி இருக்குதுங்க, ஆனா குடும்பமே ஒரே ரூம்லதான் படுக்குது, மத்த ரெண்டும் சொந்தக்காரங்க பாக்கறதுக்கு."

மீட்டருக்கு வந்த கோபம்

எது எதோடு சேர்ந்து ஓடும் என்று பார்த்து மறுபடி கணக்குப் போட்டேன். லைனுக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் மீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் என் கணக்கைவிட ஜாஸ்தியாக ஒரு உச்சத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. வேலை நேரமெல்லாம் மீட்டர் முன்னால் காவல் இருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாட்டியது.

மற்ற நாட்களில் செக்‌ஷன் செக்‌ஷனாகச் சாப்பிடப் போவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மொத்தக் கம்பெனிக்கும் ஒரே இடைவேளை. திரும்பி வந்ததும் ஆறிப்போன ஷூ சூடேற்றும் ஓவன், காற்று இறங்கிய கம்ப்ரஸர், சூடேறிய கட்டிங் ஹாலின் ஏசி, எல்லாம் ஒரே அரைமணிக்குள் முழுமூச்சாக இழுக்கும். பாய் தொழுதுவிட்டு, வீட்டில் சாப்பிட்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். அதனால் அவர் கண்ணில் இது பட்டதே இல்லை. நான் சொன்னதும் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "அல்லாவைத் தொழுதுட்டு நான் சாந்தமா வர்றேன், அதுக்குள்ள இதுக்குக் கோவம் வந்துடுதா?"

கட்டிங் ஹாலின் தீர்ப்பு

ஒவ்வொன்றாக ஆன் செய்தால் போதும் என்று பாய் மேனேஜரிடம், கண்டுபிடித்தது ரூபிதான் என்று என் பெயரைச் சொல்லியே சொன்னார். அதற்காகவே அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். முதலில் கம்ப்ரஸர், அடுத்து ஓவன், கடைசியில் ஏசி என்று முடிவானது. ஆனால் ஏசி இல்லாமல் அரைமணி வேகப்போவது கட்டிங் ஹால்காரர்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் இதைப் போய் யார் கேட்பது? நான்தான் கேட்டேன். அக்காவின் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

அந்த ஹாலில் சீனியரான குல்ஷன் அக்காதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்குமாகப் பதில் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தனை பேரும் வேர்க்க வேர்க்கத் தோல் வெட்டினார்கள். மீட்டர் அடங்கியது, லைன் வந்தது, எஸ்தர் அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு நடந்தே வேலைக்கு வந்தாள். முதல் நாளே கட்டிங் ஹாலுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். காரணம், அன்று குல்ஷன் அக்கா சொன்ன பதில்: "வேர்த்தா தொடச்சுக்கறோம், ஆனா உங்கக்கா வர்ற அன்னிக்கு எங்க எல்லாருக்கும் டீ அவங்களுது, சொல்லிட்டேன்."

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்று கற்றுக்கொண்ட கம்பெனியில் எனக்காக எல்லா மனிதர்களும் ஒரே நேரத்தில் ஓடிவந்தார்கள், நல்லவேளை, அதை அளக்க மீட்டர் இல்லை.