செவலை கன்று போட்ட நாள்

எங்கள் செவலைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள் எப்படித்தான் தெரியுமோ. வேலியைத் தாண்டுவதும் கயிற்றை அறுப்பதும் அன்றைக்குத்தான். கன்று போடவும் ஒரு சனிக்கிழமையைத்தான் பிடித்தது. செம்மநத்தத்தில் எங்களுக்கு இருந்தவை இரண்டு மாடு, கொஞ்சம் வெள்ளாடு, கோழிகள், காப்பிச் செடி நின்ற ஒரு துண்டு நிலம். அடுப்பு எரிந்தது பாலில்தான். இன்னொரு மாடு வற்றிவிட்டதால், எல்லோரும் செவலையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள், ஐந்தாறு மாதம். கண் பட்டுவிடும் என்று ஊருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு எப்போதும்போல் சாணி அள்ளினாள். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அது குளிருக்குப் போர்த்திய துண்டு, அவ்வளவுதான்.

விடிந்ததிலிருந்து செவலை படுத்துப் படுத்து எழுந்தது. தண்ணீர்க்குடம் உடைந்து வெகுநேரமாகியும் கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. அப்பா கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சேலத்தில் இருந்தார், மத்தியானம் வருவதாகச் சொன்னார். அந்த மத்தியானம் இன்னும் வரவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கிற கோபமும் இன்னும் ஆறவில்லை.

அப்பா கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார். உள்ளே மடங்கிக் கிடந்த காலை அவரால் பிடித்துத் திருப்ப முடியவில்லை. மாடு அலறியது. அம்மா வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நீ வேண்டாம் புள்ள," என்றார் அப்பா.

"தள்ளுங்க. உங்க கை நொம்பப் பெருசு. மாடு போச்சுன்னா அப்பறம் என்னத்தைத் திங்கறது?"

பிள்ளை சுமக்கிறவள் மாட்டுப் பிரசவத்துக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மா சாணியில் மண்டி போட்டு, கன்றை உள்ளே தள்ளி, காலை நீட்டிவிட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அம்மா கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடாரி. நான் குதித்தேன்.

"செத்த நேரம் படுக்கறேன்," என்று அம்மா உள்ளே போனாள். அவள் வேலை அத்தனையும் என் தலையில் விழுந்தது. சாணி அள்ளினேன், ஆடுகளை ஓட்டிப் போய்க் கட்டினேன், எஸ்டேட் ஓரத்தில் புல் அறுத்தேன். அட்டை வேறு கடித்துத் தொலைத்தது. தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கும்போது, அம்மாவின் காதில் விழட்டும் என்றே குடத்தை ணங்கென்று வைத்தேன். அவள் எழுந்து வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கண்ணு, சுடுதண்ணி வெய்யி. சட்டுனு, சாமி."

அதுவும் நானா என்று முணுமுணுத்தேன்.

அப்பா ஜீப்புக்குப் போன் போட்டார். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு அத்தை கூடப் போனாள். அப்பாவும் ஏறப் போனார்.

"ஏனுங்க, செவலைக்கு நஞ்சு விழுகற வரைக்கும் நகராதீங்க," என்றாள் அம்மா. "நாய் இழுத்துரும்."

அப்பா நின்றுவிட்டார். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டுகிறார்கள். ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலையை அவர்கள் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது நஞ்சு விழுந்தது. கன்றோடு வருகிற அதை வைக்கோலில் சுற்றி, பால் வடிகிற மரத்தில் கட்ட வேண்டும். கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்பார்கள். அப்பா சாக்கில் மூட்டை கட்டிப் பலா மரத்தில் உயரத்தில் தொங்கவிட்டார். பிறகு வீட்டுக்குள் போய் இன்னொரு மூட்டையோடு வந்தார். அது சின்னது. அம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே மண்வெட்டியால் தோண்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்கப்பா, இதையும் மரத்துல கட்டுனா இன்னும் நல்லாக் கறக்குமில்லீங்க?"

அப்பா வெகுநேரம் குனிந்தே தோண்டினார்.

"இது மண்ணுக்குத்தான் கண்ணு," என்றார். "நாலு கல்லுப் பொறுக்கிட்டு வா. பன்னி கிளறாம மேல வெக்கோணும்."

நல்ல தட்டைக் கல்லாகத் தேடித் தேடிக் கொண்டுவந்து நானே அடுக்கினேன். அப்பா மண்வெட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து செய்த வேலைகளில் அது ஒன்றுதான் எனக்கு விளையாட்டுப்போல் இருந்தது.