தோள் பாட்டும் உலைப் பாட்டும்

அம்மா இறந்து வருசம் திரும்பியபோது, நினைவு அஞ்சலி போஸ்டர் அடிக்க அப்பா என்னையும் அத்தையையும் கம்பத்துக்குக் கூட்டிப்போனார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. போஸ்டரில் அம்மா வருவாள் என்று அத்தை சொன்னதால், நன்றாகத் தலை சீவிக்கொண்டு போனேன்.

அச்சகக்காரர் இரண்டு கவிதைகளை மேசையில் வைத்தார். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. யார் வீட்டில் துக்கம் என்றாலும் அந்த இரண்டுதான். பெயரும் போட்டோவும் மட்டும் மாறும்.

"வாசி ஆத்தா, அப்பா கேக்கட்டும்" என்றார்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். தாய்க்கு உள்ளது:

*உலை வைத்துக் காத்திருந்தாய்,*
*உண்ண வந்தோம், நீ இல்லையே.*

தகப்பனுக்கு உள்ளது:

*தோளில் வைத்து ஊரைக் காட்டினாய்,*
*தோள் தேடி நிற்கிறோம், நீ இல்லையே.*

எனக்கு ஒரே குழப்பம். அப்பா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறினால் வாரக் கடைசியில்தான் இறங்குவார். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கி, "கும்பிட்டுக்க" என்று தேரில் வந்த கௌமாரியம்மனைக் காட்டியது அம்மா. அவள் போனபின் மலை வேலையை விட்டுவிட்டு, அடுப்பை ஊதி உலை வைப்பது அப்பா.

"பாட்டு ரெண்டும் மாறிக் கெடக்கு அத்தை. இந்தத் தோள் பாட்டுதான அம்மாவுக்கு?"

"ஏ கூறுகெட்ட கழுத, அது ஆம்பளைக்குள்ளது. ஊரே சிரிக்கும்."

"அம்மாதான என்னயத் தூக்குச்சு? சோறாக்குறது அப்பாதான. உலைப் பாட்ட அப்பாவுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க, பெறகு போடலாம்."

அத்தை என் வாயிலேயே ஒன்று போட்டாள். "இருக்குற மனுசனுக்கா பாட்டு எடுத்து வைக்கச் சொல்ற? தாயே, கௌமாரி, சின்னப்புள்ள சொன்னத மனசுல வச்சுக்காத!"

அச்சகக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ. அப்பா மட்டும் தோள் பாட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதையே போடுங்க."

"அண்ணே, பொம்பளைக்குப் போயி..." என்று அச்சகக்காரர் இழுத்தார்.

"புள்ள சொல்றது சரிதான். நான் எங்க தூக்குனேன்?"

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா சட்டென்று குனிந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவே பார்த்தது. எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

"கால் வலிக்கலப்பா, எறக்கி விடுங்க."

அவர் இறக்கவில்லை. ஒரு கையால் என் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நடந்தார். நான் கனக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, பஸ் வரும்வரை மூச்சை அடக்கி அடக்கி விட்டேன்.