கரையைத் துளைத்த விலாங்கு

குட்டையின் வெளிக்கரை அடியில் புல் அறுத்துக்கொண்டு நான் இருந்தேன். கரைமேல் என் வீட்டுக்காரர் இருந்தார். போடியிலிருந்து பால் செம்போடு வந்த அவருடைய அக்கா, என் மதினி, இருந்தார். மதினியை ஏற்றிவந்த ஜீப்பு டிரைவர் அண்ணன் இருந்தார். பொந்துக்குள் அது இருந்தது.

எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு அந்தக் குட்டையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. வைகாசி மழை வரை தாங்க வேண்டும். நடுவில் ஒரு மூங்கிலை ஊன்றியிருந்தேன். தை கடைசியில் ஏழு கணு தண்ணீருக்குள் இருந்தது. செடிக்கு இன்னும் ஒரு வாளிகூட எடுக்கவில்லை. மாசி பாதி, அன்றைக்கு நாலுதான் இருந்தது. இப்படியே இறங்கினால் பங்குனியில் செடி காயும்.

"வெயில் குடிக்குது" என்றார் வீட்டுக்காரர். மலையில் மாசி வெயில் அவ்வளவு குடிக்காது.

உள்கரையில் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஒரு பொந்து. அதில் ஒரு தலையைப் பார்த்துவிட்டுப் பாம்பு என்று வீட்டுக்காரர்தான் சொல்லியிருந்தார். பாம்புப் பொந்தை எங்கள் பக்கம் யாரும் அடைக்க மாட்டார்கள். மதினி வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்பேறி வந்து பால் ஊற்றினார்.

அன்றும் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் என் காலடியில் கல்லிடுக்கிலிருந்து கசிந்த தண்ணீர் வெளுத்து வந்தது. தொட்டு நக்கினேன். பால்.

"மதினி, ஒங்க பாலு இங்குட்டு வருது."

"சாமி ஏத்துக்கிடலையா தாயி?"

"பாலு மட்டுமா வருது? குட்டையே இங்குட்டுத்தான் வருது."

மேலே ஏறிக் குனிந்து பார்த்தேன். தலை மெல்ல வந்து மூக்கை மட்டும் காற்றில் காட்டியது. நாக்கு நீட்டவில்லை. உடம்பில் செதில் இல்லை, வழவழப்பு. போன வாரம் போடியில், ஜீப்புக்கு ஆள் சேரும்வரை டிரைவர் அண்ணன் செல்லில் ஒரு படம் காட்டினார். கடலுக்கு அடியில் மணலில் பொந்து போட்டு, குடும்பம் குடும்பமாக விலாங்குகள் தலையை நீட்டி நின்றன. இதுவும் அப்படித்தான் நின்றது.

"விலாங்கு" என்றேன்.

"கடலு எங்க ஆத்தா, போடிமெட்டு எங்க?" என்றார் டிரைவர்.

"இது சேத்துல கெடக்குற சாதிண்ணே."

"கடிச்சிட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"கடிச்சா ஜீப்பு நிக்கிதுல்ல."

அடுப்புச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டேன். அது இல்லாமல் விலாங்கு கைக்கு நிற்காது. முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தேன். பெரியது வந்தது. பின்னால் இன்னொன்று. மண்ணைக் கிளறக் கிளற விரல் தடிமனில் குஞ்சுகள். வாளியில் போட்டேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "நல்ல கொழம்பு ஆகும்."

"கும்பிட்டதக் கொழம்பு வைக்கவா?" என்றார் மதினி. "ஒன் ஜீப்புக்கும்தான் பூச போடுற. அத அறுத்துத் திங்கிறியா?"

அவரே வாளியைத் தூக்கிப் போய்க் கீழே ஓடையில் விட்டார். செம்பில் மிச்சமிருந்த பாலையும் அங்கேயே ஊற்றினார். நான் களிமண்ணை உருட்டிப் பொந்துக்குள் திணித்தேன். வீட்டுக்காரர் வெளிப்பக்கம் மண் போட்டு மிதித்தார். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி அவர் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதினி வெறுங்கையோடு வந்தார்.

"தண்ணி நின்னுச்சா தாயி?"

"நீங்களே பாருங்க."

மூங்கிலைப் பார்த்தார். கணுவை எண்ணினார்.

நாலு.