அண்ணன் உயிலில் என் பெயர்

வெளிநாட்டில் நான் நர்ஸாக இருக்கும் கார்க் நகரத்தில் என் பக்கத்து வீட்டு மார்கரெட், கையில் மஞ்சள் ஸ்டிக்கர் கட்டோடு அலைகிறார். தான் செத்த பிறகு எந்தப் பொருள் யாருக்கு என்று ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டுகிறார். தேநீர்க் கெண்டி மருமகளுக்கு, சுவர்க்கடிகாரம் பேரனுக்கு. "உனக்கு என்ன வேண்டும் ஸ்டெல்லா?" என்று பிஸ்கட் நீட்டும் குரலில் கேட்டார். நல்லா இருக்கும்போதே இதென்ன பேச்சு என்று பதறி, "ஒன்றும் வேண்டாம், நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் சாமான்கள் எனக்கு மட்டம் என்று எடுத்துக்கொண்டார் போலும்.

என் அண்ணன் தானியேல் இப்படி ஒட்டிவிட்டுப் போயிருந்தால் என் மானமாவது மிஞ்சியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையின் உலை முன்னால் இருபது வருஷம் நின்று, நுரையீரல் கெட்டுச் செத்தார். கடைசி எட்டு வருஷம் அவரோடு இருந்து, சளித் தட்டு வரை கழுவியவள் ஆலை கேன்டீனில் வேலை செய்த ராணி. வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, உயிலை நிறைவேற்றும் வேலையை, அதாவது எக்ஸிகியூட்டர் வேலையை, என் தலையில் கட்டிவிட்டார். வக்கீல் போனில் விளக்கினார்: சொத்தை உரியவரிடம் சேர்ப்பதுதான் என் வேலை, அதில் எனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது.

தம்பி யோசுவா உயிலைப் படிக்கவில்லை. அதில் என் பெயர் இருக்கிறது என்று மட்டும் யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். எங்கள் பக்கம் பத்திரத்தில் பேர் இருந்தால் சொத்து அவருடையது, அவ்வளவுதான் கணக்கு. அடக்கம் முடிந்த அன்றே ராணியின் துணிமூட்டையை வெளியே எறிந்து, கதவில் தன் பூட்டைப் போட்டிருந்தான். என்னை அழைக்க விமான நிலையத்துக்குக் கார் எடுத்து வந்தான். அவன் மனைவி விரால் குழம்பு வைத்து, முள் எடுத்துப் பரிமாறினாள். யோசுவா வாயெல்லாம் சிரிப்பாகச் சாவியை நீட்டினான்.

"அண்ணன் உன் பேர்ல தானேக்கா எழுதிகீறாரு? இந்தா சாவி. உன் ஊடு, நீயே தொற. அப்பால நாம ஒக்காந்து பேசிக்கலாம்."

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் சாவி கைக்கு வராது. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

மறுநாள் காலை வக்கீலை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, ராணியிடம் கையெழுத்து வாங்கி, சாவியைக் கொடுத்தேன். யோசுவா பைக்கில் பறந்து வந்தான்.

"அவ யாருக்கா? சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சாங்களா? அண்ணன் மோதிரம் போட்டாரா? எவளோ ஒருத்திக்கு ஊட்டைத் தூக்கிக் குட்த்துட்டு நிக்கிறியே, நீ இன்னா பொம்பள? இனிமே என் வாசப்படி மிதிச்சே, அவ்ளோதான்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிட, செத்துப்போன அண்ணன் மேல் எனக்குக் கோபம் அதிகம். அந்த வீட்டு மாடியில் தகர ஷீட் கூரை போட்ட ஓர் அறை உண்டு. போன் போட்டால் போதும், "மேல் ரூம் உனக்குத்தாம்மா, எப்ப வேணா வா" என்பார். என் கட்டில், தையல் மெஷின், நர்சிங் படித்த புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. உயிலில் அந்த அறையைப் பற்றி ஒரு வரி இல்லை. நம்பிக்கைக்கு நான், வீட்டுக்கு ராணி.

கூட்டம் கலைந்ததும் ராணி அருகில் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மேல் ரூம்ல உங்க சாமான் கீதே, எப்ப எடுத்துக்குவீங்க? வாடகைக்கு வுடணும்."

அன்றே எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குபவர் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஏற்ற அவளும் ஒரு கை பிடித்தாள்.

கார்க் திரும்பியதும், ஊருக்குப் போன காரியம் என்ன ஆயிற்று என்று மார்கரெட் கேட்டார். வீட்டை அண்ணனோடு இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். "எவ்வளவு பெரிய மனசு உனக்கு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னுடையதே அல்லாத வீட்டை நான் எப்படிக் கொடுக்க முடியும் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். எழும்போது அது கவிழ்ந்தது. அடியில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் என் பெயர்.

கும்மிடிப்பூண்டியில் இனி எனக்கு உட்கார இடமில்லை. இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அது என்னுடையதாக இந்த அம்மாள் சாக வேண்டும்.