வெர்லின் கேட்ட சொல்

ஒரே ஒருவர் காதில் மட்டும் தங்கிவிட்ட சொல்லை, அவர் வாய் திறக்காதவரை, சொல்லப்பட்ட சொல் என்று வைத்துக்கொள்ளலாமா? வெர்லின் செட்சரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். அவர் இதை ஒரு கேள்வியாக நினைத்திருப்பாரா என்பது சந்தேகம். காலுறை ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். தேவாலயத்தில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். நல்லவர் என்று அவரைப் பற்றி ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கெட்டவர் என்றும் சொன்னதில்லை. அப்ஷா அணியின் ரசிகர் என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நாட்களில் வட கரோலினாவின் இந்த மலையடிவாரத்தில் அப்ஷா அணியின் ரசிகர் இல்லாதவர் யார்? வேட் அப்ஷா கோழித்தீவன ஆலை முதலாளி. அவருடைய தீவன மூட்டைகள் பச்சை நிறம். அதனால் பந்தயக் காருக்கும் பச்சையே அடித்தார். பந்தயக்காரர்கள் பச்சைக் காரைத் தொடமாட்டார்கள். தோலோடு நிலக்கடலையைக் கார் பக்கம் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். இரண்டும் சாவைக் கூப்பிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்ஷா அந்தப் பச்சைக் காரில் சாய்ந்துகொண்டே கடலை உரித்துத் தின்றார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு ஓட்டுநர்கள் வேலையை விட்டுப் போனார்கள். கடைசியில் அவருடைய தீவன லாரியை ஓட்டிக்கொண்டிருந்த லைல் ட்ரிப்லெட்தான் காரில் ஏறினான்.

லைல் நன்றாக ஓட்டினான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அவனைவிட நன்றாக ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குக் கூரைமேல் கார்லண்ட் ப்ரூயிட் இல்லை.

ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தலையைத் திருப்ப முடியாதபடி வாரால் கட்டியிருப்பார்கள். அதனால் அரங்கின் கூரையில் ஒருவர் நின்று, ரேடியோவில் அவருக்குக் கண்ணாக இருப்பார். உள்பக்கம் கார் இருந்தால் "உள்ளே" என்பார், வெளிப்பக்கம் இருந்தால் "வெளியே" என்பார். பக்கத்துக் கார் பின்தங்கி வழி விட்டதும் "கிளியர்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஓட்டுநர் பார்க்காமலேயே அந்தப் பக்கம் இறங்கலாம். இறங்கியாகவேண்டும். யோசித்தால் பந்தயம் போய்விடும்.

லைலும் கார்லண்டும் சிறுவயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். லைல் அவனிடம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தான். "நீ சொல்லி என் காதுல விழறதுக்குள்ள நான் பாதிக் கார் தூரம் போயிடறேன்டா. வழி கெடைச்சப்புறம் சொல்லாத. கெடைக்கப்போகுதுன்னு தெரிஞ்சா சொல்லு." மற்ற அணிகளில் அப்படிச் சொல்பவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர்கள் அந்த அரை மூச்சு நேரத்தை வைத்துத்தான் ஜெயித்தார்கள். நான்கு ஆண்டுகள் எங்கள் ஊரில் திருமணங்களைக்கூடப் பந்தய நாள் பார்த்துத்தான் வைத்தார்கள். "லைல் ஜெயிக்கணும்னு நான் ஜெபம் பண்ணமாட்டேன், ஆனா ஆராதனையச் சீக்கிரம் முடிச்சிடறேன்" என்றார் போதகர்.

வெர்லின் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு ரேடியோவால். தபாலில் வரவழைத்தது. போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காக விற்கிற வகை. அதைத் திருகித் திருகி அப்ஷா அணியின் அலைவரிசையைக் கண்டுபிடித்துவிட்டார். பிற்காலத்தில் ஆளுக்கொன்று வந்தது. அன்று எங்கள் பகுதி இருக்கைகளில் அது ஒன்றுதான் இருந்தது. அணியிலும் ரேடியோ மூன்று பேரிடம்தான்: அப்ஷா, லைல், கார்லண்ட். வெர்லின் நான்காவது காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை எங்களுக்கு உரக்கச் சொல்லுவார். நாங்கள் முன்னும் பின்னும் சாய்ந்து கேட்போம்.

"டயர் இழுக்குதாம்."

"அப்ஷா என்ன சொல்றார்?"

"திட்டறார். ஞாயித்துக்கிழமை, நான் திருப்பிச் சொல்ல முடியாது."

பந்தயத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததைவிட அவர் வாயால் பார்த்ததே அதிகம். இன்றுகூட லைலின் குரல் எப்படி இருந்தது என்று நினைத்தால் எனக்கு நினைவு வருவது வெர்லினின் குரல்தான்.

அந்த இலையுதிர்காலப் பந்தயத்தில், இரண்டாவது வளைவிலிருந்து வெளியே வரும்போது லைல், சரிவான பாதையில் சுவரை ஒட்டிய மேல்பக்கம் இருந்தான். உள்பக்கம் ஒரு மெதுவான கார். அதைத் தாண்டிக்கொண்டிருந்தான். வெர்லின், "உள்ளே, இன்னும் உள்ளே" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அவர் உதடு திறந்து மூடியதைப் பார்த்தேன். சொல் வரவில்லை. பச்சைக் கார் கீழே இறங்கியது. உள்பக்கத்துக் கார் பின்தங்கியிருக்கவில்லை. அதன் மூக்கு லைலின் பின்சக்கரத்தில் பட்டது. பச்சைக் கார் திரும்பி, மேலேறி, ஓட்டுநர் பக்கமாகச் சுவரில் மோதியது.

வெர்லின் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எல்லா இயந்திரங்களும் அணைக்கப்பட்டு அரங்கமே அமைதியானபோது, அந்த ஹெட்போனிலிருந்து பூச்சி கத்துவதுபோல மெலிதாக கார்லண்டின் குரல் வந்தது. "லைல், பேசு. லைல், ஏதாவது பேசு." அதை வெர்லின் எங்களுக்குச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

டயர் வெடித்தது என்றார் அப்ஷா. டயரில் காற்று முழுசாக இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். பந்தயத்தை நடத்தியவர்கள், ஓட்டுநர் இடம் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்றார்கள். எங்கள் ஊர் இரண்டையும் ஏற்கவில்லை. பச்சை நிறம்தான் காரணம் என்றது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். யாரையும் குற்றவாளி ஆக்காமல் ஒரு சாவை விளங்கிக்கொள்ள ஊருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பச்சை அதைக் கொடுத்தது. லைலின் மனைவி நேடீனும் கார்லண்டும் ஒரே கடையில் ரொட்டி வாங்க முடிந்ததென்றால் அதற்கு அந்த நிறம்தான் காரணம்.

அப்ஷா காருக்கு வெள்ளை அடித்தார். வேறு ஓட்டுநர்களைக் கொண்டுவந்தார். ஒருவன் சுவரைத் தொடப் பயந்தான், இன்னொருவன் எதற்கும் பயப்படாமல் கார்களை உடைத்தான். பிறகு தகுதிச் சுற்றிலேயே வெளியேறி ஞாயிறு மதியத்துக்குள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கள் பகுதி இருக்கைகளில் ஆள் குறைந்தது. ஒரு குளிர்காலத்தில் பட்டறையைப் பூட்டினார்கள். இப்போது அங்கே பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் விற்கிறார்கள். அப்ஷா தூக்கத்தில் இறந்தார். அன்று அவர் காதிலும் ரேடியோ இருந்தது, ஆனால் டயர் என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெர்லின் மட்டும் பந்தய ஞாயிறுகளில் அந்த ரேடியோவை வீட்டு முற்றத்தில் வைத்து, பழைய அலைவரிசையைத் திறந்துவைப்பார். அதில் இரைச்சல்தான் இருக்கும். அவர் மனைவி ஓமா ஜீன் உயிரோடிருந்தவரை, "அதுல ஒண்ணும் வராதுன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியும் என்பார். அணைக்கமாட்டார்.

கார்லண்ட் மலைக்குள், சாலை முடிகிற இடத்தில் குடியேறினான். அவனுக்கு ஒரு வினோதமான துன்பம் இருந்தது. தான் அந்தச் சொல்லைச் சொன்னோமா, சொல்ல நினைத்தோமா என்பது அவனுக்கே நினைவில்லை. முடிதிருத்தும் கடையில் ஒருமுறை வெர்லினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அன்றைக்கு ரேடியோவில் என்ன கேட்டது என்று. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது என்றார் வெர்லின். நான் என் முறைக்காகப் பின்னால் காத்திருந்தேன். கார்லண்டின் "லைல், பேசு" என்ற குரல் அந்த ஹெட்போனிலிருந்து வந்ததை நானும் கேட்டிருக்கிறேன். நான் பத்திரிகையைப் புரட்டினேன்.

அக்டோபர் மாதத்தில் இங்கே கோழிக்குழம்புக் கூட்டம் நடக்கும். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் பெரிய இரும்பு அண்டாவில் பாலும் வெண்ணெயும் கோழியும் கொதிக்க, துடுப்பு மாதிரி ஒரு மரக்கட்டையால் யாராவது கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் அடிபிடித்துவிடும். அணி போனபிறகும் ரசிகர்கள் அந்தக் கூட்டத்தை விடவில்லை. கார்லண்ட் வருவான். யாரோடும் உட்காரமாட்டான். கிண்டுகிற வேலையை எடுத்துக்கொள்வான். முதுகைக் காட்டி நிற்பதற்கு அது வசதி.

நேடீன் அதுவரை வந்ததே இல்லை. அந்த ஆண்டு வந்தாள். மருத்துவர் அவளுக்குச் சொன்னது ஊருக்கே தெரியும். கோட்டு அவள் தோளில் தொங்கியது. எழுந்து நாற்காலி கொடுத்தார்கள், அவள் உட்காரவில்லை. வெர்லின் இருந்த மேசைக்கு நேராகப் போனாள்.

"வெர்லின், அன்னைக்கு உன் காதுல அந்த ஹெட்போன் இருந்துச்சில்ல?"

வெர்லின் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றார். "இருந்துச்சும்மா."

"நான் பச்சையக் கேக்கல. டயரக் கேக்கல. 'பாக்காம எறங்கினான்'னு எழுதி வச்சிருக்காங்க. என் பொண்ணு அதப் படிச்சு வளந்தா. இடிச்சவன் குடும்பத்துக்கு நான் மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கேன், தெரியுமா? நான் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எம்புருஷன் தானா எறங்கினானா, மேலேருந்து சொல்லி எறங்கினானா?"

அண்டாவைச் சுற்றியிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், குழம்பு ஆறுது பாருங்க" என்று யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். எவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. கார்லண்ட் திரும்பவில்லை, ஆனால் துடுப்பு மெதுவாகிவிட்டது.

வெர்லின் அவளைப் பார்க்கவில்லை. கார்லண்டின் முதுகைப் பார்த்தபடி சொன்னார். "கார்லண்ட் 'கிளியர்'னு சொன்னான். அதுக்கப்புறந்தான் லைல் எறங்கினான். சொன்னதத்தான் செஞ்சான். பாக்காம எறங்கலம்மா."

நேடீன் தலையசைத்தாள். வெர்லினின் கையை ஒருமுறை தொட்டாள். பிறகு அண்டா பக்கம் போனாள். அவள் கார்லண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் காருக்குப் போய்விட்டாள்.

"அப்போ நாந்தான்" என்றான் கார்லண்ட். அண்டாவைப் பார்த்துத்தான் சொன்னான். கிண்டுவதை நிறுத்தவில்லை. ஒருவர் வந்து அவன் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் அந்தக் குழம்பை அதற்குப் பிறகு யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

லைலின்மேல் இருந்த பழி துடைக்கப்பட்டது, சரி. ஆனால் அது காற்றில் கரைந்துபோகவில்லை, இன்னொருவன்மேல் போய் உட்கார்ந்தது. பச்சை நிறத்தை நம்பியவர்களுக்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டான். சாலையோரம் கம்பத்தில் நட்டிருந்த கார்லண்டின் வீட்டுத் தபால்பெட்டியைக் காரால் இடித்துச் சாய்த்தார்கள். அவன் நட்டான், மறுபடியும் சாய்த்தார்கள். தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த வரிசை காலியானது, பிறகு அவனே வருவதை நிறுத்தினான். லைல்தான் முன்கூட்டியே சொல்லச் சொன்னான், அந்த அரை மூச்சில்தான் நாம் அத்தனை ஞாயிறுகள் கத்திக் கொண்டாடினோம் என்று நான் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்றார்கள். வேறு என்றுதான் எனக்கும் சில நாள் தோன்றுகிறது.

வெர்லினைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். உண்மையைச் சொன்னாரே என்றார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. நேடீன் கிறிஸ்துமஸுக்கு முன் இறந்தாள். அடக்கத்துக்கு கார்லண்ட் வந்தான். கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே லாரியிலேயே உட்கார்ந்திருந்தான்.

வசந்தத்தில் வெர்லின் வீட்டை விற்றார். ஆலைக்குப் பக்கத்தில், ஓமா ஜீன் ரோஜா வைத்திருந்த வீடு. மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு பழைய சக்கர வீட்டை வாங்கி, ஒரு லாரிக்காரரைப் பிடித்து, அதை மலைக்குள் இழுத்துப்போனார். வளைவுகளில் அது இரண்டு தடவை சிக்கிக்கொண்டதால் உதவிக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். எங்கே போகிறது என்று சாலை முடிகிற இடம் வரை எங்களுக்குத் தெரியாது.

கார்லண்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் முன்பே கேட்டிருந்தாரா, சும்மா வந்து இறங்கினாரா, யாருக்கும் தெரியாது. "இங்கயா வெர்லின்?" என்று நான் கேட்டேன். "கொஞ்சம் எடப்பக்கம்" என்றார். மரக்கட்டைகளை அடியில் கொடுத்து, மட்டம் பார்த்து, வீட்டை நிறுத்தினோம். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கதவை வைத்தால் நல்ல காட்சி கிடைக்கும் என்றார் லாரிக்காரர். வெர்லின் வேண்டாம் என்றார். முழுவதையும் மறுபடி தூக்கித் திருப்பச் சொல்லி, கதவு கார்லண்டின் பின்வாசலுக்கு நேராக வரும்படி வைத்தார்.