எண்ணெய் பூசிய கொங்கா

காலை ஐந்தே முக்காலுக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். 1972, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. மேளம் ஒன்று பார்க்க யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் கந்தோரில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு நான் கிளாக்கர் மட்டும்தான். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்குப் போகும் பாட்டுக் கோஷ்டி ஒன்றில் நான் கொங்கா அடிப்பவன்.

கொங்கா இடுப்பளவு உயரமான மேளம். நடு வயிறு பெருத்திருக்கும். மேல்வாய்க்கு மட்டும் தோல், அடிவாய் திறந்தபடி. அடிப்பது வெறுங்கையால். என்னுடையது பிளந்துபோனது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுவிட்ட காலம் என்பதால், இங்கே யாராவது செய்து அடித்துப் பழகியதைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

நான் பார்க்கப் போனது ராசன் செய்தது. பருத்தித்துறைக் கடற்கரைப் பொடியன், வள்ளம் கட்டும் ஓடாவி வேலை பழகியவன். இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் அவன் அடிக்கக் கேட்டேன். பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

போன ஆடியில் முல்லைத்தீவுக் கடலில் வள்ளம் பிரண்டு அவன் இறந்துபோனான். கரவெட்டியில் இருக்கும் அவனுடைய சிநேகிதன்தான் எனக்குக் கடிதம் போட்டான். தகப்பன் கொங்காவை விற்கிறாராம், விலை நூற்று எழுபத்தைந்து ரூபா. ஒரு நிபந்தனையும் உண்டு: வாங்குகிறவர் வீட்டுக்கு வந்து ஒருமுறை அடித்துக் காட்ட வேண்டும். மகன் அடித்ததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பன்னிரண்டரைக்குக் கொடிகாமத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். சந்தை கலைந்து, வாழைக்குலை ஏற்றிய வண்டில்கள் மட்டும் நின்றன. பருத்தித்துறை பஸ் அரை மணித்தியாலம் சுணங்கி வந்தது. எனக்குப் பொறுமையை அளவாகத்தான் படைத்திருக்கிறார்கள், வெயிலில் அது முடிந்துவிட்டது. பன்னிரண்டு மைலுக்கு அறுபத்தைந்து சதம்.

"பின்னேரம் திரும்பேக்கை ஒரு மேளமும் வரும், ஏத்துவீங்களோ?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"கோழிக்கே டிக்கெட் போடுறனாங்கள். மேளத்தை விடுவமோ?" என்றார் அவர்.

வரணி தாண்டியதும் பனைகள் விலகி, இருபுறமும் தண்ணீர் வற்றி உப்புப் பூத்த வெளி. அதற்கப்பால் புகையிலைத் தோட்டங்கள், கிணறுகள், மறுபடியும் பனை. இரண்டு மணிக்குப் பருத்தித்துறையில் இறங்கிக் கடற்கரை ஒழுங்கைகளில் விசாரித்து நடந்தேன்.

வீட்டு வாசல் படலையிலேயே சுறா எண்ணெய் மணத்தது. கடற்கரை வீடு, மணக்கத்தானே செய்யும் என்று எண்ணினேன். ராசனின் தகப்பன் நாகமணி அறுபதைத் தாண்டியவர், கயிறு இழுத்து இழுத்துத் தடித்துப்போன கைகள்.

"வாங்கோ தம்பி. களைச்சுப்போனியள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்."

"முதலில பாப்பம் ஐயா," என்றேன். அவசரக் குடுக்கை நான்.

கொங்கா கூடத்தில் ஒரு பாயின் மேல் நின்றது. பழைய மேளம் பார்க்க எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் சரித்து, அடிவாய்க்குள் தலையை விட்டு வெளிச்சத்தைப் பார்ப்பேன். பலகை இணைப்பு விட்டிருந்தால் நூல் மாதிரி வெளிச்சம் தெரியும். இதில் ஒரு பொட்டு இல்லை. வேப்பம் பலகைகளை வள்ளத்துக்குப் பொருத்துவதுபோலப் பொருத்தி, இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தான். தோல் படியும் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். மேடு பள்ளம் இல்லை. இரும்பு வளையமும் கொளுக்கிகளும் துருப்பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல உடம்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பிறகு தோலில் கை வைத்தேன். விரல் வழுக்கியது. தோல் கறுத்து, ஊறி, தொய்ந்து கிடந்தது.

"எண்ணெய் பூசினீங்களோ ஐயா?"

"ஓம். கிழமைக்கு ஒருக்கா. கரையிலை கிடக்கிற வள்ளத்துக்கு எண்ணெய் இல்லாட்டி வெடிச்சுப்போம். அதுபோலத்தானே இதுவும்?"

"தோலுக்குமோ?"

"தோலுக்குத்தான் கூடப் பூசினனான். அவன்ரை சிநேகிதன் கொண்டுவந்து தரேக்கை விண்ணெண்டு இறுகிப்போய் நிண்டுது. வெடிச்சிடும் எண்டு பயந்துபோனன். இப்ப பாருங்கோ, எவ்வளவு மெதுவாய் வந்திட்டுது."

அந்த இறுக்கம்தான் சத்தம் என்று அவருக்கு யார் சொல்வது? எட்டு மாதமாகக் கிழமை தவறாமல், பிள்ளையின் கைவேலையைக் காப்பாற்றுவதாக நினைத்து, இந்த மனிதர் அதைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார்.

அவர் எனக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார். "கடலுக்குப் போற குடும்பத்திலை மேளமோ, ஊர் முழுக்கக் கேக்குமே, மானம் போகுமே எண்டு ஒரு அடி அடிக்க விடேல்லை. உது கிடந்தால் நீ இஞ்சை கிடவாதை எண்டு சொல்லிப்போட்டன். உதைக் கரவெட்டியிலை வைச்சிட்டு முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போனவன்தான்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடியுங்கோ தம்பி. அவன் அடிச்சமாதிரி அடியுங்கோ."

அடித்தேன். நடுவிலும் விளிம்பிலும், என் பலம் முழுவதையும் போட்டு அடித்தேன். ஈரச் சாக்கில் அடிப்பதுபோல இருந்தது. முற்றத்தில் நின்ற கோழிகூட அசையவில்லை.

நாகமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானோ அவன்ரை சத்தம்?"

எண்ணெய்தான் கெடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம் ஐயா. இதுதான்," என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் அந்தப் பெரிய கையால் தோலை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ? இது அடுத்த வளவுக்கும் கேக்காதே தம்பி. இந்தச் சத்தத்துக்கோ நான் என்ரை பிள்ளையைப் படலைக்கு வெளியிலை விட்டனான்?"

"இல்லை ஐயா..." என்று தொடங்கினேன். எண்ணெயைப் பற்றிச் சொன்னால் அது அவருக்கு இன்னொரு அடி. அவர் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டே நின்றார். பேரம் பேசவில்லை. காசைக் கொடுத்தபோது எண்ணாமல் மடியில் செருகினார். ஐந்தரை பஸ்ஸில் கொங்காவுக்கும் சேர்த்து ஒரு ரூபா முப்பது சதம் கொடுத்துக் கொடிகாமம் வந்து சேர்ந்தேன்.

கொழும்பில் உட்புறத்து எண்ணெயைத் துடைத்து எடுத்துப் புதுத் தோல் கட்டினேன். என் அறையில் முதல் அடி விழுந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள், தெருவில் போனவர் சைக்கிளை நிறுத்தினார். அன்றே நாகமணிக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். அவரை வரச்சொல்லிக் கேட்கவைத்தால் தன் கையே அதைக் கெடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால், அந்தச் செத்த சத்தமே மகனுடையது என்று அவர் வைத்துக்கொண்டிருப்பார். கடிதம் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அவருக்கு அந்தச் செத்த சத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.