பூனை மண் வாளி

லனெட் ஷ்ரோடருக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஒரே பள்ளி, ஒரே அறை, இரண்டாம் வகுப்பு. இந்த வருடம் அவள் வகுப்பில் இருக்கும் பதினேழு பிள்ளைகளில் ஆறு பேருடைய அப்பாவோ அம்மாவோ அவளிடமே கூட்டல் கழித்தல் படித்தவர்கள். மேற்குக் கன்சாஸில் கோதுமையையும் காற்றையும் விட்டால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்குப் பிள்ளைகள் என்றால் பைத்தியம். வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். ஆனால் பிள்ளைகள் அவள் மேல் ஏறி விளையாடும்.

துப்பாக்கி அவளுக்குப் புதிதில்லை. ஒன்பது வயதில் அப்பாவோடு பறவை சுடப் போனவள். புருஷன் வேட் நிலவறைப் பெட்டியில் நாலு வைத்திருக்கிறான். அதனால், போன வசந்தத்தில் அவள் எழுந்து நின்று பேசியபோது, துப்பாக்கி என்றாலே அலறுகிற பட்டணத்துக்காரி என்று யாராலும் அவளைத் தள்ளிவிட முடியவில்லை.

நாட்டின் இன்னொரு மூலையில், ஒரு பள்ளியில், ஒருவன் துப்பாக்கியோடு புகுந்ததில் நடக்கக்கூடாதது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆசிரியர்களில் விருப்பமுள்ளவர்கள் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளி நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஊர் மொத்தமும் விளையாட்டுக் கூடத்தில் கூடிவிட்டது.

"நான் மூக்கு துடைக்கிறவ. ஷூ கயிறு கட்டிவிடுறவ. ஒரு நாளைக்கு நூறு தடவை குனியறேன். பிள்ளைங்க என் மேல தொங்குதுங்க. இதுல அதை எங்கய்யா செருகிக்கிறது?" என்று கேட்டாள் லனெட். பாதிக் கூட்டம் கை தட்டியது.

கர்ட் வெஞ்சல் எழுந்தான். அவனும் அவளிடம் படித்தவன்தான். இப்போது பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான்.

"டீச்சர், நீங்க சொன்னா நான் மறுத்துப் பேச மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். போன வருஷம் எங்கப்பா டிராக்டருக்கு அடியில கிடந்தப்ப, போலீசு வேணும்னு ஷெரிஃப் ஆபீசுக்கு நான்தான் போன் போட்டேன். அவங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நாப்பத்தோரு நிமிஷம். ஆகஸ்டுல என் மக ப்ரின்லி உங்க வகுப்புக்கு வரா. அந்த நாப்பத்தோரு நிமிஷம் அவளுக்கு யாரு இருக்கா?"

லனெட் உட்கார்ந்துவிட்டாள்.

தீர்மானம் நிறைவேறியது. முன்வருவதற்குத்தான் ஆளில்லை. ஒருத்தி நிறைமாதம், இன்னொருவருக்குக் கை நடுக்கம், மற்றவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாற்பத்தொரு நிமிடம் என்கிற கணக்கு லனெட்டை விட்டுப் போக மறுத்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முதல்வர் அறைக்குப் போய், "என் பேரை எழுதிக்கோ" என்றாள். வேலியோடு போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன?

"அந்தப் பேச்சு பேசிட்டு கடைசியில நீயே மாட்டிக்கிட்டியா? கிழவி கையில பீரங்கி" என்று வேட் சிரித்தான்.

"சரி, நாப்பத்தோரு நிமிஷம் நான் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணணும்? நீ சொல்லு."

வேட் காபியைக் குடித்தான்.

யார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது, வீட்டில் இருப்பவரை விட்டால், முதல்வர், நிர்வாகக் குழுத் தலைவர், ஷெரிஃப் ஆகிய மூன்று பேருக்கு மட்டுமே தெரியலாம் என்பது சட்டதிட்டம். சக ஆசிரியர்களுக்குக்கூடத் தெரியக்கூடாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஆகஸ்டிலிருந்து லனெட்டுக்கு அந்தப் பயம்தான் வாழ்க்கை. அதை மறைக்கத் தொளதொள ஸ்வெட்டர் வாங்கினாள். குனியும்போது துப்பாக்கி இடுப்பில் குத்தும். காலையில் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது இடப்பக்கமாகத் திரும்பிக்கொள்வாள், வலப்பக்கம் கை படாமல். முப்பது வருடம் நேராகக் கட்டிக்கொண்டவள், இப்போது தோளை மட்டும் கொடுத்தாள். அந்த வலி அவளுக்கு இருந்தது, யாரிடமும் சொல்லவும் முடியாது.

"டீச்சர், உங்களுக்கு வயிறு வலியா?" என்று ஒருநாள் ப்ரின்லி கேட்டாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, எதையும் விடமாட்டாள்.

"வயசாச்சில்ல கண்ணு, அதான்."

துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்று மாதத்துக்கு ஒருமுறை கதவடைப்புப் பயிற்சி. விளக்கை அணைக்க வேண்டும். புத்தக அலமாரிக்குப் பின்னால் உள்ள மூலையில் எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். மணிக்கணக்கில் அடைந்து கிடக்க நேர்ந்தால் பிள்ளைகள் ஒன்றுக்குப் போவதற்காக அந்த மூலையில் மூடி போட்ட சிவப்பு வாளி ஒன்று உண்டு. அதில் பாதி, ஈரத்தை உறிஞ்சுவதற்காக, வீட்டுப் பூனைகள் ஒன்றுக்கு இருக்கப் போடும் மண். வாளியைப் பார்த்தாலே பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

"யார் கூப்பிட்டாலும் வெளிய வரக்கூடாது. என் குரல்ல கூப்பிட்டாலும் வரக்கூடாது. பிரின்சிபால் அவர் சாவியைப் போட்டுத் திறந்தாதான் வரணும்" என்று லனெட் ஒவ்வொரு மாதமும் சொல்லுவாள்.

"உங்க குரல்னாலுமா டீச்சர்?" என்று ப்ரின்லி ஒவ்வொரு மாதமும் கேட்பாள்.

"என் குரல்னாலும்தான்."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிரில் குழாய் உறைந்து வெடித்து, ஆசிரியர் கழிவறையைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளை விளையாட்டுக் கூடத்தில் விளையாட்டு ஆசிரியரிடம் விட்டுவிட்டு லனெட் சிறுமிகள் கழிவறைக்குப் போனாள். உட்கார வேண்டுமென்றால் துப்பாக்கியைக் கழற்றியாக வேண்டும். உறையோடு கழற்றி, கழிவறைக் காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்தாள். ஏழு மாதமாக அப்படித்தான் வைத்து, அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே அழுகுரல். அவள் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பந்து பட்டு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட உள்ளே ஓடிவந்திருந்தாள். ரத்தத்தைப் பார்த்த பிறகு லனெட்டுக்கு வேறு எதுவும் நினைவில்லை. ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தையை அணைத்தபடி நர்ஸ் அறைக்கு ஓடினாள். அங்கே நர்ஸ் பஞ்சை எடுத்தாள், ஐஸ் கட்டி எடுத்தாள், லனெட் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் போனது. கடைசியில் குழந்தையின் ஷூவில் சொட்டியிருந்த ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

இடுப்பில் குத்தவில்லை.

கழிவறைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியின் மேல் ஒன்றும் இல்லை. தரையில் ஒரு மரக்கரண்டி கிடந்தது. அது அவள் வகுப்புக் கரண்டி. கழிவறைக்குப் போகும் பிள்ளை அனுமதிச்சீட்டு மாதிரி கையில் எடுத்துப் போவது. ஐயோ, அவளுடைய பிள்ளைதான். அவளுடைய பதினேழில் ஒன்று.

முதல்வர் டெரல் பென்டர் அவள் சொன்னதைக் கேட்டு எழுந்துவிட்டான்.

"குண்டு இருக்கா டீச்சர்?"

"இல்லாம? வெறும் இரும்பையா ஏழு மாசமா சுமந்தேன்?"

"பள்ளிக்கூடத்தைப் பூட்டிடுறேன். அறிவிப்பு கொடுத்துடுறேன்."

"வேண்டாம் டெரல்." அவன் கையை எட்டிப் பிடித்தாள். "பூட்டினா என்ன ஆகும்? விளக்கை அணைச்சுட்டு எல்லாப் பிள்ளையும் இருட்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு முடங்கும். அதுல ஒண்ணு கையில அது இருக்கும். பயந்துபோய் அமுக்கிச்சுன்னா?"

டெரல் மைக்கைக் கீழே வைத்தான். "அப்ப டீச்சருங்க கிட்டயாவது சொல்லி..."

"யாருகிட்ட என்னன்னு சொல்லுவ? நான் வச்சிருந்தேன்னே அவங்களுக்குத் தெரியாதே."

இருவரும் விளையாட்டுக் கூடத்துக்கு ஓடினார்கள். ஓடுவது தெரியாதபடி ஓடினார்கள். லனெட் தலைகளை எண்ணினாள். நர்ஸிடம் ஒன்று. இங்கே பதினைந்து.

"ப்ரின்லி அப்பவே கரண்டியை வாங்கிட்டுப் போச்சு," என்றார் விளையாட்டு ஆசிரியர், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே. "என்ன டீச்சர், முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

லனெட்டுக்குக் கர்ட் வெஞ்சலின் முகம் ஞாபகம் வந்தது. அந்த நாப்பத்தோரு நிமிஷம் அவளுக்கு யாரு இருக்கா? கடவுளே, கால் கை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று நடைவழி முழுக்க முனகிக்கொண்டே போனாள். டெரல் நூலகப் பக்கம் தேடப் போனான். அவள் தன் அறைக் கதவைத் திறந்தாள்.

விளக்கு அணைந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால், வாளிக்கு முன்னால், ப்ரின்லி முழங்காலில் உட்கார்ந்து மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூசி.

"உஷ்," என்றாள் ப்ரின்லி. "கதவைச் சாத்துங்க டீச்சர். கெட்டவன் வந்திருக்கான்."

"எங்க கண்ணு?"

"பாத்ரூம்ல துப்பாக்கியை வச்சுட்டு எங்கயோ போயிருக்கான். திரும்பி வந்து எடுப்பான்ல? அதுக்குள்ள நான் எடுத்துட்டு வந்து ஒளிச்சுட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "இதுக்குள்ள அவன் கை விடவே மாட்டான். நாறும்னு நினைப்பான்."

லனெட் மண்டியிட்டாள். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக, மார்போடு. உச்சியில், காதில், தூசி படிந்த கையில் எல்லாம் முத்தம் கொடுத்தாள். "என் தங்கமே, என் தங்கமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு வாளியைத் திறந்து மண்ணுக்குள் கையை விட்டாள். உறையோடு அப்படியே இருந்தது. எடுத்துத் தூசியைத் தட்டினாள். ஏழு மாதப் பழக்கம் பாருங்கள், மூளை கேட்பதற்குள் கை செய்துவிட்டது. ஸ்வெட்டரைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

ப்ரின்லி பார்த்துக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு, நான்தான். உன் டீச்சர்தான். வெளிய வா."

அசையவில்லை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. சொல்லிக்கொடுத்ததில் ஒரு புள்ளி பிசகவில்லை.

"அது என்னோடதுதான்டா. உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன். வா தங்கம்."

ப்ரின்லியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி விரல் இடுக்கில் போனது. கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

லனெட் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினாள். டெரல் நடைவழியில் ஓடிவந்தான்.

"கிடைச்சுதா? பிள்ளை எங்க?"

"உள்ள இருக்கா. நல்லா இருக்கா." லனெட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உன் சாவியைப் போட்டு நீ போய்த் திற. என் குரலுக்கு அவ வரமாட்டா."